இரண்டு நல்ல யுகுலேலேக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கிதார் போன்ற சிறிய நான்கு தந்திக் கருவியான யுகுலேலேயில், மலிவான ஒன்றையும் நல்ல ஒன்றையும் அருகருகே வைத்தால் எதை எடுப்பது என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. இரண்டுமே நல்லவையாக அமைந்துவிட்டால்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. அங்கே ஒதுக்கித் தள்ளுவதற்குக் குறை எதுவும் எளிதில் அகப்படுவதில்லை. முதல் கருவியில் ஓரிரு ஆண்டுகள் பழகி, இனி நெடுநாள் வைத்துக்கொள்ளத்தக்க ஒன்றை வாங்கலாம் என்று முடிவுசெய்து, பட்டியலைச் சுருக்கிச் சுருக்கி இறுதியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு நகரில் உருவாகும் இரண்டு டெனர் (சற்றுப் பெரிய அளவு) யுகுலேலேக்களை எடுத்துக்கொள்வோம்: ஒன்று கமாக்கா நிறுவனத்தின் எச்எஃப்-3, மற்றொன்று கோஅலோஹா நிறுவனத்தின் கேடிஎம்-00. இரண்டும் ஒட்டுப்பலகை கலவாத முழு மரத்தால் ஆனவை. இரண்டிலும் மரம் கோஆ. இரண்டிலும் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 17 அங்குலம். இரண்டின் விலையும் ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். உங்கள் மனத்தில் இருப்பவை வேறு இரண்டாக இருந்தாலும் வழிமுறை இதுதான்.

முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கோஆ மரத்தில் ஒன்றும் மஹோகனி மரத்தில் ஒன்றுமாக இரண்டு டெனர்களை மாறிமாறி வாசித்துப் பார்த்தேன். கோஆ கணீரென்று ஒலித்தது. மஹோகனி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல மங்கலாக இருந்தது. ‘மரம்தான் காரணம்’ என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு கோஆவை வாங்கினேன். மஹோகனியை என் நண்பர் ஒருவர் வாங்கினார். ஆறு மாதம் கழித்து அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, தந்திகளின் அடிப்பக்கத்தில் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தேன். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் முதல் மூன்றுக்கு நேர் மேலே ஒவ்வொரு தந்தியிலும் சிறு பள்ளம் தட்டுப்பட்டது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வாசித்துத் தேய்த்த பழைய நைலான் தந்திகள் அவை, நண்பரும் மாற்றியிருக்கவில்லை. இரண்டு கருவிகளிலும் ஒரே வகைப் புதிய தந்திகளை மாட்டி, ஒரு வாரம் கழித்துச் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தோம். அன்றைக்குத்தான் கடையில் விட்டுவிட்டு வந்தது எது என்பது எனக்குப் புரிந்தது.

ஆகவே ஒப்பிடுவதற்கு முன் சமப்படுத்த வேண்டும் என்பதே முதல் விதி. நீங்கள் ஒப்பிட விரும்புவது கருவிகளை. ஆனால் காதில் விழுவதில் பெரும்பங்கு தந்தியின் வகையும், அதன் வயதும், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே விடப்பட்ட உயரமும் சேர்ந்து செய்யும் வேலை. இவை எல்லாம் சில நூறு ரூபாய்ச் செலவில், ஒரு மணி நேர உழைப்பில் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்ற முடியாதவற்றைப் பார்த்துத்தான் பெரும்பணம் கொடுக்க வேண்டும்.

தந்திகளில் நடைமுறையில் மூன்று வகைகள் உண்டு. நைலான் மென்மையாகவும் உருண்டையாகவும் ஒலிக்கும். தூண்டில் நரம்பாகவும் பயன்படும் ஃப்ளூரோகார்பன், நைலானைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே அதே சுரத்துக்கு மெல்லிய தந்தியே போதும், ஒலியும் தெளிவாகவும் கூர்மையாகவும் எழும். இத்தாலியின் அக்விலா நிறுவனம் விலங்கு நரம்பின் ஒலியை ஒத்திருக்கச் செய்யும் நைல்கட் மூன்றாவது. ஆலையிலிருந்து ஒரு கருவி ஒரு வகைத் தந்தியோடும், இன்னொன்று வேறு வகைத் தந்தியோடும் வருவது வழக்கமானதே. அந்த நிலையில் நீங்கள் கேட்கும் வேறுபாட்டில் எவ்வளவு மரத்துடையது, எவ்வளவு தந்தியுடையது என்று பிரித்துச் சொல்ல எந்தக் காதாலும் இயலாது. புதிதாக மாட்டிய தந்தி நீண்டுகொண்டே இருக்கும், ஸ்ருதி நிற்காது. ஒரு வாரமாவது நாள்தோறும் வாசித்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

அடுத்தது, கருவி வாசிக்கத் தயாராக்கப்பட்டிருக்கும் நிலை. வாசிப்பவர்கள் இதை ‘செட்-அப்’ என்பார்கள். வீணையில் குதிரையும் மெட்டும் சரியாக அமையாவிட்டால் எவ்வளவு நல்ல பலாமரக் குடமும் வீண் என்பது நமக்குத் தெரிந்ததுதான். யுகுலேலேயில் குதிரையின் இடத்தில் சேடிலும் மெட்டின் இடத்தில் ஃப்ரெட்டும் இருக்கின்றன. 12ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை அளந்தால் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருப்பது வசதியான உயரம். மூன்றைத் தாண்டினால் கை களைக்கும். இரண்டுக்கும் கீழே போனால் ஓங்கி மீட்டும்போது தந்தி உலோகத்தில் உரசி இரையும். உயரம் அதிகமாக இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. 12ஆம் ஃப்ரெட் தந்தியின் நடுவில் இருப்பதால், சேடிலின் அடியை ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் அங்கே அரை மில்லிமீட்டர் குறையும். ஆனால் தேய்ப்பதற்குச் சேடிலில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். சேடிலைத் தாங்கும் பிரிட்ஜ் என்ற மரக்கட்டைக்கு மேலே சேடில் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது துருத்திக்கொண்டிருக்க வேண்டும். சேடில் ஏற்கெனவே தாழ்ந்துபோய், தந்தியும் உயர்ந்தே இருக்குமானால், கழுத்தின் சாய்வு தவறு என்று பொருள். அந்தக் கருவி எந்தப் பெயரைத் தாங்கியிருந்தாலும் திரும்ப வைத்துவிடலாம்.

கழுத்தின் மறுமுனையில், தந்திகள் பதிந்து செல்லும் வெட்டுகள் கொண்ட நட் என்ற சிறு துண்டையும் சோதியுங்கள். ஒவ்வொரு தந்தியையும் மூன்றாம் ஃப்ரெட்டுக்குச் சற்று முன்னால் அழுத்திப் பிடித்து, முதல் ஃப்ரெட்டின் மேலே தந்திக்கும் உலோகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதாக இருந்தால் நட்டின் வெட்டுகள் ஆழம் போதாமல் இருக்கின்றன; முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி அதிகமாக இழுபட்டு ஸ்ருதி ஏறிவிடும். திறந்த தந்திகளில் துல்லியமாகச் சேர்த்த கருவி, கார்ட் (பல சுரங்களின் சேர்க்கை) பிடித்தவுடன் அபஸ்வரமாக ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஜி, சி, இ, ஏ என்ற நான்கு தந்திகளில் தடித்த சி தந்தியில் இந்தக் குறை முதலில் தெரியும்.

ஸ்ருதிச் சுத்தத்தைச் சோதிக்க, ஸ்ருதியை அளந்து காட்டும் ட்யூனர் ஒன்று போதும். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஹார்மானிக் ஒலி எழும். அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் அதனோடு ஒத்திருக்க வேண்டும். அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். வேறுபாடு ஐந்து சென்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. நல்ல கருவிகளிலும் ஒரு தந்தி சற்று விலகுவது உண்டு. புதிய தந்தி மாட்டிய பிறகும் விலகல் நீடித்தால்தான் அதைக் கருவியின் குறையாகக் கொள்ள வேண்டும்.

இப்போது மாற்ற முடியாதவற்றுக்கு வருவோம். கோஆ என்பது ஹவாயில் மட்டுமே இயற்கையாக வளரும் ஒருவகை அக்கேசியா மரம். பெயர் ஒலிப்பில் நெருங்கினாலும் நம் கோவா மாநிலத்தோடு அதற்கு உறவில்லை. ஹவாய் மக்கள் பழங்காலத்தில் தங்கள் ஓடங்களைக் குடைந்தது இம்மரத்தில்தான். அதன் நெருங்கிய உறவான ஆஸ்திரேலியக் கருமரம், அக்கேசியா மெலனோசைலான், ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே இன்றும் பரவிக் கிடக்கிறது. அந்த மரத்திலும் உலகெங்கும் யுகுலேலே செய்கிறார்கள் என்பதை ஊட்டிக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளலாம். கோஆவில் பலகைக்குப் பலகை அடர்த்தி மாறுபடும். அலை அலையாக மின்னும் ரேகையுள்ள பலகைக்கு விலை கூடுதல். ஆனால் அந்த அழகு கண்ணுக்கானது, ஒலிக்கு அதனால் ஆதாயம் உண்டு என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே ஆலையில் ஒரே மாதிரி எண்ணோடு வெளிவந்த இரண்டு கருவிகளே வேறு வேறாக ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுப்பது கமாக்காவையோ கோஅலோஹாவையோ அன்று. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு கருவியை.

இருந்தாலும் இரு ஆலைகளுக்கும் தனித்தனிக் குணம் உண்டு, அதற்கு வரலாறும் உண்டு. 1879இல் ராவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் போர்த்துகலின் மடீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு மனுவேல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டு எஸ்பிரிட்டு சாந்து என்ற மூன்று மரவேலைக்காரர்களும் ஹொனலுலுவில் இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த மச்சேட் என்னும் சிறு நரம்புக் கருவியின் வழியில் பிறந்ததே யுகுலேலே. சாமுவேல் கமாக்கா 1916இல் தொடங்கிய பட்டறை இன்றும் அவர் குடும்பத்தாரிடமே இருக்கிறது. அன்னாசிப் பழ வடிவ யுகுலேலேக்கு 1928இல் காப்புரிமை பெற்றவரும் அவரே. அந்தப் பட்டறையில் காது கேளாத கைவினைஞர்கள் பலர் பணியாற்றியிருக்கிறார்கள். பலகையைத் தட்டி, விரலில் உணரும் அதிர்வைக் கொண்டே அதன் கனத்தை மதிப்பிட்டார்கள் என்பதை அறிந்தபோது, ஒலி என்பது காதுக்கு மட்டும் உரியதன்று என்று எனக்குத் தோன்றியது. கோஅலோஹாவோ பிந்திய தலைமுறை. பிளாஸ்டிக் பொருள் உற்பத்தியில் இருந்த ஆல்வின் ஒகாமி 1995இல் அதைத் தொடங்கினார். உள்ளே கழுத்தின் பிடிப்பையும் உடலின் தாங்குகட்டையையும் ஒரே சட்டமாக இணைக்கும் அமைப்புக்கு யூனிபிரேஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கிரீடம் போன்ற தலைப்பகுதியும், ஹவாயில் எங்கும் விற்கும் முசுபி என்ற ஜப்பானிய அரிசி உருண்டையின் முக்கோண வடிவில் அமைந்த ஒலித்துளையும் அதன் அடையாளங்கள்.

என் காதுக்குக் கமாக்காவின் ஒலி உருண்டு திரண்டு, சற்று நிதானமாக எழுகிறது. விரல்களால் பிரித்து மீட்டுபவருக்கும், தாமே பாடிக்கொண்டு வாசிப்பவருக்கும் அது பொருந்தும், ஏனெனில் குரலுக்கு இடம்விட்டு நிற்கும். கோஅலோஹா தொட்டவுடன் பேசுகிறது. எடை குறைவாகவும் ஓங்கியும் பளிச்சென்றும் இருப்பதால் பலரோடு சேர்ந்து ஸ்ட்ரம் செய்யும் (எல்லாத் தந்திகளையும் ஒருசேர வருடி மீட்டும்) இடத்தில் அது கூட்டத்தில் தொலைந்துபோகாது. இது என் கருத்து மட்டுமே. நீங்கள் வாரத்தில் பெரும்பாலும் என்ன வாசிக்கிறீர்கள், யாரோடு வாசிக்கிறீர்கள் என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தால், இதில் பாதி விடை கிடைத்துவிடும். எப்போதோ ஒருநாள் மேடையேறுவோம் என்ற கனவுக்காக ஓங்கி ஒலிப்பதை வாங்கி, இரவு பத்து மணிக்கு வீட்டார் தூக்கம் கலையாமல் வாசிக்கத் திணறுபவர்களை நான் அறிவேன்.

கேட்டுப் பார்ப்பதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. அடுத்தடுத்துக் கேட்கும் இரண்டு ஒலிகளில் சற்று உரத்ததே சிறந்ததாகத் தோன்றுவது மனித இயல்பு. தவிர, யுகுலேலே தன் ஒலியை முன்னோக்கி வீசுகிறது. வாசிப்பவர் காதுக்கு அதன் மிச்சம்தான் வருகிறது. ஆகவே கருவிக்கு ஒரு மீட்டர் முன்னால் கைப்பேசியை வைத்து, ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே பகுதியை இரண்டிலும் வாசித்துப் பதிவுசெய்யுங்கள். பிறகு நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி, நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எது எது என்று தெரியாமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, வரிசையை மாற்றி மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். களைத்த காது எதையும் ஒப்புக்கொள்ளும். மூன்று முறையும் ஒன்றையே தேர்ந்தெடுத்திருந்தால் அந்த விருப்பம் உண்மையானது. மாறி மாறி வந்திருந்தால், ஒலியைப் பொறுத்தவரை இரண்டும் உங்களுக்குச் சமம் என்று ஏற்றுக்கொண்டு, கைக்கு எது இசைகிறது என்ற கேள்விக்குப் போய்விடலாம்.

இந்தச் சோதனையில் ஒன்றை மட்டும் மெதுவாகச் செய்யுங்கள். ஏ தந்தியில் திறந்த சுரத்திலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு சுரத்தையும் ஒரே விசையில் மீட்டி, அது முற்றிலும் அடங்கும் வரை கையை எடுக்காமல் காத்திருங்கள். கீழே எல்லாக் கருவிகளும் நன்றாகவே ஒலிக்கும். ஏழாம் ஃப்ரெட்டைத் தாண்டிய பிறகே உண்மை தெரிய வரும்: ஒன்றில் சுரம் நீரில் விழுந்த கல்லின் வளையம் போல விரிந்து அடங்கும், இன்னொன்றில் மரத்தைச் சுண்டியது போல ‘டொக்’ என்று முடிந்துவிடும். கர்நாடக இசைக்காரர் கார்வை என்று சொல்வது இங்கே எவ்வளவு நிற்கிறது என்று மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். ஏதேனும் ஒரு சுரம் மட்டும் தன் அண்டை சுரங்களைவிடச் சட்டென்று செத்துப்போனால், அது அந்தக் கருவியின் உடலோடு பிறந்தது. எந்தத் தந்தியாலும் முழுதாகத் தீராது. மற்ற மூன்று தந்திகளிலும் இதையே செய்யுங்கள். இதற்கு இருபது நிமிடம் ஆகும், கடைக்காரர் முறைக்கலாம். முறைக்கட்டும்.

கைக்கு இசைவதில் கவனிக்க வேண்டியவை குறைவுதான். நட்டின் அகலம் 35 மில்லிமீட்டரா 38 மில்லிமீட்டரா என்பது தாளில் அற்பமாகத் தோன்றினாலும், தடித்த விரலுக்கு டி கார்டில் அது பெரிய விஷயம். சிறு கைக்கு அகலமே சுமையாகலாம். கழுத்தின் பின்புறம் உருண்டையா தட்டையா என்பதைக் கட்டைவிரல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். தலைப்பகுதி கனமாக இருந்தால் மடியில் வைத்தவுடன் கழுத்து கீழே சாயும், இடக்கை வாசிக்க வேண்டிய நேரத்தில் தாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வாரில்லாமல் நின்றுகொண்டும் ஒருமுறை வாசியுங்கள். தந்தியை முறுக்கும் ஆணிகள் பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அதற்காக ஒரு கருவியை ஒதுக்க வேண்டாம்.

ஜி தந்தியைத் தாழ்ந்த ஸ்தாயியில் வைத்து வாசிக்கும் எண்ணம் இருந்தால் அதை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள். வழக்கமான ஜி 392 ஹெர்ட்ஸ், தாழ்ந்த ஜி அதில் பாதியாகிய 196. அந்தத் தந்தி தடித்தது. நட்டில் வெட்டை அகலப்படுத்த நேரலாம், பிறகு பழைய மெல்லிய தந்திக்குத் திரும்பினால் வெட்டுக்குள் அது தளர்ந்து கிடக்கும். சில டெனர்களில் தாழ்ந்த ஜி மற்ற மூன்றையும் அமுக்கிக்கொண்டு முழங்கும். சிலவற்றில் அடக்கமாகச் சேர்ந்துகொள்ளும். கேட்டுப் பார்த்துத்தான் தெரியும். இரண்டு கருவிகளும் சமமாக நின்ற ஒரு நேரத்தில், எனக்கு இந்த ஒரு தந்திதான் முடிவைத் தந்தது.

இனி, நீங்கள் இருக்கும் ஊர். முழு மரக் கருவிகளுக்குக் காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது உகந்தது. சென்னையிலோ கொழும்பிலோ மரம் ஈரத்தை இழுத்து முகப்பு லேசாக உப்பும், தந்தியின் உயரமும் கூடும். ஒலி மந்தமாகும், ஆனால் மரம் எளிதில் பிளக்காது. நாள் முழுதும் குளிரூட்டி ஓடும் அறையிலும், குளிர்காலத்தில் வெப்பமூட்டிய டொரொண்டோ வீட்டிலும் நடப்பது நேர்மாறு: மரம் சுருங்கி ஃப்ரெட்டின் முனைகள் கழுத்தின் ஓரத்தில் ஊசிபோலத் துருத்தும், அதையும் பொருட்படுத்தாவிட்டால் பலகை விரியும். மெல்லிய பலகையால் ஆன, எடை குறைந்த கருவிக்கு இந்த ஆபத்து கூடுதல் என்பதால், பராமரிப்பில் உங்களுக்கு எவ்வளவு பொறுமை உண்டு என்பதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதை வாங்கினாலும் கெட்டியான பெட்டியும், அதற்குள் வைக்கச் சிறிய ஈரப்பதமானியும் சேர்த்து வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இவ்விரண்டையும் நேரில் ஒருசேர வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது. பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனையாளரிடமிருந்து தருவிக்க வேண்டியிருக்கும். அப்போது கருவியின் விலையோடு கூரியர் கட்டணத்தையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்த பிறகே இரண்டையும் ஒப்பிடுங்கள். அனுப்பப்போகும் அதே கருவியைப் பதிவுசெய்து அனுப்பும்படி கேளுங்கள். மாதிரிக் கருவியின் காணொளி உங்களுக்குப் பயன்படாது. 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் எவ்வளவு, மாட்டியிருக்கும் தந்தி எது, சேடில் எவ்வளவு உயரம் நிற்கிறது, பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்பும் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இவற்றுக்கு மறுமொழி தரத் தயங்கும் விற்பனையாளரை விட்டுவிட்டு, அளந்து சொல்பவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை.

பெட்டி வந்து சேர்ந்ததும் உடனே திறந்துவிடாதீர்கள்; விமானத்தின் குளிரிலிருந்து வந்த மரம் உங்கள் அறையின் வெப்பத்துக்குப் பழக அரை நாளாவது விடுங்கள். பிறகு கைவிளக்கை ஒலித்துளைக்குள் காட்டி, தாங்குகட்டைகள் விட்டிருக்கின்றனவா, பசை பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்ஜின் பின்புற விளிம்பில் ஒரு தாளின் முனையைச் செருகிப் பார்க்க வேண்டும். அது உள்ளே நுழைந்தால் பிரிட்ஜ் தூக்கத் தொடங்கிவிட்டது. நட்டையும், நான்கு தந்திகளின் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அன்று மாலையே சோதித்துவிடுங்கள். திருப்பி அனுப்புவதற்கான நாட்கள் பெட்டி கைக்கு வந்த அன்றே ஓடத் தொடங்கிவிடும்.